கேட்பவர்களின் தேர்ச்சி: நொச்சிக்குப்பத்திலும் கொழும்பிலும் முதல் சிற்றலை ரேடியோ

சாந்தோம் பேராலயத்துக்கு வந்த மன்னார்ப் பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கும் ஒரு நடை வந்துபோனார். கொழும்பு வெள்ளவத்தையில் வெகுகாலமாகக் குடியிருப்பவர். என் சித்தப்பா மகன் பெண்ணெடுத்த வகையில் உறவு. அலமாரியில் வரிசையாக இருந்த ரேடியோக்களைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இவ்வளவு றேடியோ வச்சிருக்கிறீர். நாங்கள் கதைச்சதைக் கேக்கத்தானே உங்கட ஆக்கள் றேடியோ வாங்கினவை. எந்த டப்பாவிலயும் எங்கட குரல் கேட்டிருக்கும். இதில தெரிவு செய்ய என்ன கிடக்கு?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. விருந்தாக வந்த பெரியவரிடம் எதிர்வாதம் செய்யும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "அப்படிச் சொல்லாதீங்க ஐயா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1952-இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தபின் நம் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட ஒதுக்கியே வைத்தது. அதற்கு முன்பே, 1950 செப்டம்பர் 30-ஆம் தேதி, ரேடியோ சிலோன் தன் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்தது. நம் பாட்டை நமக்கே கடல் தாண்டிப் போட்டுக் காட்டினார்கள். 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியின் விவித பாரதி வந்த பிறகும் கொழும்பின் பிடி தளரவில்லை. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீது என்று குப்பத்துச் சிறுவர்கள்கூட அறிவிப்பாளர் பெயரை நடிகர் பெயர்போலச் சொல்வார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி போடாத டீக்கடை மயிலாப்பூரில் இருந்திருக்காது. இந்தக் கடனை நான் மறுக்கவில்லை.

எனக்கு உறைத்தது "எந்த டப்பாவிலும் கேட்கும்" என்ற சொல்தான். அது கொழும்பில் இருந்து பேசுகிறவரின் சொல். சிற்றலையின் குணம் அவர் நினைப்பதற்கு நேர் எதிரானது. மத்திய அலை பகலில் நிலத்தோடு ஒட்டி வரும்; நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு எந்தப் பெட்டியும் போதும். சிற்றலை மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, தொலைவில் வந்து இறங்கும். இலங்கையின் ஏகல ஒலிபரப்பு நிலையத்திலிருந்து 25 மீட்டரில் இந்தியாவை நோக்கி விட்ட அலை, கொழும்பில் இறங்காமல் மேலே பறந்து இங்கே எங்கள் மணலில் வந்து இறங்கியது. இடையில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். வரும் வழியில் மங்கும், பெருகும், பக்கத்து நிலையத்தின் குரல் மேலே ஏறும், இடிமேகம் இருந்தால் கரகரக்கும். இத்தனையையும் தாண்டிப் பாட்டைப் பிரித்தெடுத்துத் தருகிற பெட்டி எது என்று பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் வாங்கினார்கள். பேசினவர்களுக்குப் பெருமை இருப்பதுபோல் கேட்டவர்களுக்கும் ஒரு தேர்ச்சி உண்டு.

அந்தத் தேர்ச்சியை நான் பார்த்து வளர்ந்தேன். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே எங்கள் நொச்சிக்குப்பம். வடக்கே கொஞ்ச தூரத்தில் காமராசர் சாலையில் வானொலி நிலையக் கட்டடம். 1930-களில் மாநகராட்சி ஒலிபரப்பு நடத்தியபோது கடற்கரையில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்கே கேட்க வைத்தார்கள். 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1924 ஜூலை 31-ஆம் தேதியே சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பை ஆரம்பித்துவிட்டது. கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் 1923-இலேயே சோதனை செய்தார் என்பதையும், முறையான தொடக்கம் 1925 டிசம்பர் 16 என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். யார் முந்தி என்ற சண்டை எனக்கு வேண்டாம். ஆனால் ரேடியோ எங்களுக்கு இலங்கையிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

குப்பத்தில் ஒருவர் முதல் ரேடியோ வாங்கப் போனால் தனியாகப் போகமாட்டார். காது நன்றாக உள்ள ஒரு அண்ணனையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு மூர் மார்க்கெட்டுக்குப் போவார். (அந்த மார்க்கெட் 1985 மே 30-இல் எரிந்து போனது, அதுவரை பழைய மர்பியும் பிலிப்ஸும் புஷ்ஷும் அங்கே மலைபோல் கிடந்தன.) பிறகு ரிச்சி தெரு. வெளிநாட்டு செட் வேண்டுமென்றால் பர்மா பஜார். கையில் சொந்தப் பேட்டரிக் கட்டைகளைக் கொண்டுபோவார்கள். கடைக்காரர் பிளக்கில் செருகிக் காட்டினால் ஒப்பமாட்டார்கள், கட்டை போட்டுத்தான் பாடிக் காட்ட வேண்டும். கரையில் ஏது பிளக்?

முதலில் கட்டை போடும் அறையைத் திறப்பார் மாமா. சுருள் கம்பியில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். உப்புக் காற்றில் முதலில் சாவது அந்தச் சுருள்தான். அடுத்து ஏரியலை முழுக்க இழுத்து, ஒவ்வொரு கணுவாக மெல்ல ஆட்டுவார். கரகரத்தால் உள்ளே துரு. பேண்ட் மாற்றும் சுவிட்சை இப்படியும் அப்படியும் தள்ளுவார். டயல் திருகைத் திருப்பிவிட்டுக் கையை எடுப்பார். முள் தானாகப் பின்வாங்கினால் உள்ளே நூல் தளர்ந்துவிட்டது என்று பொருள், கொழும்பை ஒரு இடத்தில் நிறுத்தவே முடியாது. கடைசியாகச் செய்வதுதான் பெரிய சோதனை. ஒரு பலமான நிலையத்தைப் பிடித்துவிட்டு, மெதுவாகக் கீழே இறங்கி வருவார். மலிவு செட்டுகளில் அதே பாட்டு, 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு முறை பாடும். உள்ளே 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசை வைத்துக் கட்டும் செட்டில் அதன் இரண்டு மடங்கு தள்ளி வரும் நிழல் அது. அந்தக் கணக்கு மாமாவுக்குத் தெரியாது. "ரெட்டையாப் பாடுது, வேணாம்" என்பார். அவர் சொன்னது சரி.

பேரம் முடிந்தாலும் வியாபாரம் முடியாது. தெரிந்த கடைக்காரராக இருந்தால் முன்பணம் வைத்துவிட்டு ஒரு ராத்திரி செட்டை எடுத்துவருவார்கள். பொழுது சாயும் நேரம், வலை சீர் பார்க்கிற இடத்தில், ஈர மணலுக்குப் பக்கத்தில் செட்டை வைத்து ஏரியலை நேராக நிமிர்த்துவார்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கடலோரத்தில் நிமிர்ந்து நிற்கும் கம்பி, தாழ்வான கோணத்தில் வரும் தூரத்து அலையை நன்றாக வாங்கிக்கொள்ளும். வீடுகளின் மின் இரைச்சலும் அங்கே இல்லை. அலைச் சத்தத்தையும் மீறி ஒலிபெருக்கி பேசுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். மணலில் தேறிய செட்டு வீட்டிலும் தேறும். இந்தியாவில் வேறெந்த ஊரிலும் முதல் ரேடியோவை இவ்வளவு கவனமாகத் தேர்ந்தார்கள் என்று நான் நம்பமாட்டேன்.

வாங்கிய பிறகு தபால் நிலையத்துக்குப் போய் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் கட்டண வில்லை ஒட்டி முத்திரை வாங்குவார்கள். எண்பதுகளின் நடுவில் அது ஒழிந்தது. அந்தப் புத்தகங்கள் சில வீடுகளில் ரேஷன் கார்டோடு இன்னும் இருக்கின்றன.

இலங்கைப் பக்கம் எப்படி? புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். உறவுக்காரர்கள் சொல்லிக் கேட்டதும் நிறைய. அங்கே முதல் கேள்வி, எந்த நாட்டுச் சாமான் என்பது. ஜப்பான் என்றால் முகம் மலரும். 1977-க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்ததும் நேஷனல், சோனி, சான்யோ எல்லாம் கடைக்கு நேராக வந்தன. எங்களுக்குப் பர்மா பஜாரில் ஒளித்து விற்ற சரக்கு அவர்களுக்கு விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடைத்தது. நல்ல செட்டு சுலபமாகக் கிடைத்தால் மனிதர் பெயரை நம்பி வாங்குவார், சோதித்து வாங்கும் அவசியம் குறையும். அவர்கள் கேட்கும் உத்தரவாதம் அட்டையில் இருந்தது. எங்கள் கேரண்டி மாமாவின் காதில் இருந்தது. நாடு சின்னது, நிலையங்கள் பக்கம், உள்ளூர் நிகழ்ச்சிக்கு மத்திய அலையே போதும். பெரியவர் "எந்த டப்பாவிலும்" என்று சொன்னதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சொற்கள் மட்டும் என்னை எப்போதும் மயக்கும். நாம் பேட்டரி, கட்டை என்பதை அவர்கள் பற்றரி என்பார்கள். நம் ரேடியோ அவர்களுக்கு றேடியோ. அந்த வல்லின றகரத்திலேயே பெட்டி கொஞ்சம் கனமாகிவிடும். நாம் 'நிலையம்' என்று நிறுத்துவதை அவர்கள் 'ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்று முழுமூச்சில் சொல்வார்கள். நாம் செட்டு எடுப்போம், அவர்கள் தெரிவு செய்வார்கள். சிற்றலை என்ற சொல் இரு கரைக்கும் பொது. அந்த அறிவிப்பாளர்களின் தமிழைக் கேட்டு உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட பிள்ளைகள் எங்கள் குப்பத்தில் இருந்தார்கள்.

கேட்பது ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை என்பதையும் பெரியவருக்குச் சொல்லியிருக்கலாம். திருச்சி வானொலி 1939 மே 16-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் அதைச் சொந்த நிலையம்போலக் கேட்டார்கள். கர்நாடக இசைக்கும் நாடகத்துக்கும் அங்கே முள்ளைத் திருப்பினார்கள். தூத்துக்குடியிலிருந்து 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் பலத்தோடு அகில இந்திய வானொலி இலங்கையை நோக்கியே ஒலிபரப்பியிருக்கிறது. நாங்களும் பேசினோம், அவர்களும் கேட்டார்கள்.

கேட்டார்கள் என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. தொண்ணூறுகளின் முற்பாதியில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்த பொருள். அப்போது சைக்கிளை நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்து றேடியோ கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட். நான்கு கட்டை போடும் செட்டுக்கு வேண்டியதும் அதே 6 வோல்ட். டைனமோவில் வருவது மாறுமின்சாரம் என்பதால் நடுவே டயோடு வைத்து நேராக்கினார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காதை ஒட்டி வைத்துக்கொண்டு பிபிசி தமிழோசை கேட்டார்கள். சுற்றும் வேகம் குறைந்தால் குரல் இறங்கும். 1941 மே 3-இல் லண்டனில் தொடங்கி 2017 ஏப்ரல் 30-இல் சிற்றலையில் நின்றுபோன அந்தத் தமிழோசையை அவர்களைப்போல வேறு யாரும் கேட்டிருக்க முடியாது. எந்தச் செட்டு குறைந்த மின்சாரத்தில் பேசும், எது ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் என்பது அந்த மக்களுக்குத் தெரிந்த அளவு ரிச்சி தெருவுக்கே தெரியாது. யாழ்ப்பாணத்தின் தேர்ச்சி வேறு, கொழும்புக் கண்ணாடிப் பெட்டியின் தேர்ச்சி வேறு. பெரியவர் பேசியது இரண்டாவதை வைத்து என்று எடுத்துக்கொள்கிறேன்.

எங்களுக்கும் இருட்டு வந்ததுண்டு. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்துப் போனபோது மரங்கள் சாய்ந்து, கம்பிகள் அறுந்து, செல்போன் கோபுரங்கள் ஊமையாகின. கட்டை போட்ட ரேடியோ வைத்திருந்த வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தமானிலிருந்து செய்தி வெளியே வந்ததில் அமெச்சூர் வானொலிக்காரர் பாரதி பிரசாத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இலங்கையில் அதே வேலையை விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் செய்தார்கள். தூர நிலையங்களைத் தேடிக் கேட்பவர்களிடையே குணதிலக்கவின் பெயர் உலகெங்கும் தெரியும். அந்தத் துறையில் அவர் பெரிய மனிதர், மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதைத் தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு புதியவர் விரும்பினால் சென்னைக்குத்தான் வர வேண்டும். ஆர்டிக் டிஎக்ஸ் கிளப்பும், அதை நடத்தும் தங்க. ஜெய்சக்திவேலின் 'சர்வதேச வானொலி' இதழும் இங்கிருந்துதான் வந்தன. நிலையத்துக்குக் கேட்பறிக்கை எழுதுவது, கேட்டதை நிலையம் உறுதிசெய்து அனுப்பும் கியூஎஸ்எல் அட்டை வாங்குவது எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள்.

இன்று முதல் செட்டு வாங்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் பழைய முறையிலிருந்து வந்ததுதான். முள் நகரும் டயல் செட்டுகளில் டெக்சன் ஆர்-9012 எளிமையானது, பேட்டரி அதிகம் குடிக்காது. ஆனால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று எண் தெரியாது. புதியவருக்கு எண் தெரியும் செட்டே நல்லது. டெக்சன் பிஎல்-310ஈடி, பிஎல்-380 இரண்டும் மூன்று சின்னக் கட்டையில் ஓடும். எண்ணை அழுத்தி நேராக நிலையத்துக்குப் போகலாம். அமெச்சூர்காரர்களின் பேச்சும் கேட்க வேண்டும் என்றால் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதி வேண்டும்; அதற்கு பிஎல்-330, எக்ஸ்எச்டேட்டா டி-808 போன்றவை. பிஎல்-330-க்குப் பழைய நோக்கியா போன்களில் வந்த பிஎல்-5சி பேட்டரியே போதும், ரிச்சி தெருவில் எங்கும் கிடைக்கும். குப்பத்து வீட்டுக்குக் கட்டை போடும் செட்டையே நான் சிபாரிசு செய்வேன். புயல் நாளில் சார்ஜ் போட இடம் இருக்காது, பெட்டிக்கடையில் கட்டை இருக்கும்.

கொழும்பில் இருப்பவருக்கு இதே ஆலோசனை முழுக்கப் பொருந்துமா என்றால், அடுக்குமாடியில் இருப்பவருக்குப் பொருந்தாது. இரைச்சல்தான் இன்றைக்குப் பெரிய எதிரி, இரண்டு ஊரிலும். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சிற்றலையில் சீறும். எங்கள் குடியிருப்பிலும் அதே கதை. ஆனால் நாங்கள் லூப் ரோட்டைத் தாண்டினால் மணல். வெள்ளவத்தையிலும் கடல் இருக்கிறது, தண்டவாளத்தைத் தாண்டிப் போக வேண்டும். போனால் நன்றாகவே கேட்கும், மேற்கே முழுக்கத் திறந்த கடல். அவர்கள் ஏன் செட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போவதில்லை என்று நான் கேட்டதற்கு உறவுக்காரர் ஒருவர் சிரித்தார். பக்கத்தில் நிலையம் இருந்து பழகிய ஊரின் சிரிப்பு அது.

வீட்டிலேயே கேட்க வேண்டியவர்கள் ஐந்தாறு மீட்டர் இன்சுலேஷன் கம்பியை ஏரியல் நுனியில் கவ்வி, ஜன்னலுக்கு வெளியே விட்டுப் பார்க்கலாம். மின்கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் போகக் கூடாது, இடி மின்னல் நேரத்தில் கழற்றிவிட வேண்டும். செட்டை அடாப்டரில் ஓட்டாமல் கட்டையில் ஓட்டினால் பாதி இரைச்சல் போய்விடும். பொழுது சாய்ந்தபின் 49, 41, 31 மீட்டர்களில் தேட வேண்டும். நடுப்பகலில் 19 மீட்டருக்கும் அதைவிடக் குறைந்த மீட்டர்களுக்கும் போக வேண்டும். வாங்கிய அன்று மத்தியானம் 49 மீட்டரில் ஒன்றும் வரவில்லை என்று செட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழே கேட்க வேண்டும் என்பவர்கள் சீன வானொலியின் தமிழ்ப் பிரிவிலிருந்து தொடங்கலாம். 1963 ஆகஸ்ட் 1 முதல் பெய்ஜிங்கிலிருந்து தமிழ் பேசுகிறார்கள், தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நேயர் மன்றம் வைத்திருந்தார்கள். வத்திக்கான் வானொலியையும் தேடிப் பாருங்கள். மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலி 2018-இல் சிற்றலையை விட்டுவிட்டது. அலைவரிசை எண்கள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், மாறும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் நல்ல செட்டும் ஊமையாகத்தான் இருக்கும்; புதிய பட்டியலைப் பார்த்து எண்ணை அழுத்திவிட்டு, ஏரியலை நிமிர்த்தி, குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே உட்காருங்கள்.